சுருட்டை முடி: எதைக் கடைப்பிடிக்கலாம், எதை விடலாம்

சுருட்டை முடியை நேராக்காமல் அதன் இயல்பிலேயே விட்டுப் பேணும் முறை இன்று பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே வடிவில் பரவியிருக்கிறது. சல்ஃபேட் கலந்த ஷாம்பு கூடாது, சிலிக்கோன் கலந்த கண்டிஷனர் கூடாது, உலர்ந்த தலையில் சீப்பு படக்கூடாது, துவாலையால் தேய்க்கக்கூடாது, சூடான கருவிகளை நெருங்கவிடக்கூடாது, தலை ஈரமாக இருக்கும்போதே ஜெல் தடவிக் கசக்கிவிட வேண்டும். இந்தப் பட்டியலுக்கு மூலவர் நியூயார்க்கில் சிகையலங்கார நிலையம் நடத்திய லொரெய்ன் மாஸி. அவரது 'கர்லி கேர்ள்' நூல் 2001-இல் வந்தது. 2011-இல் விரிவான பதிப்பும் வந்தது. முடிதிருத்துவோரின் கைப்பழக்கத்தில் பிறந்த முறை இது, ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. அதனாலேயே அது தவறாகிவிடாது. ஆனால் இந்த விதிகளில் எவை முடியின் இயல்போடு பொருந்துகின்றன, எவை வெறும் நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்காதவர்கள் அலமாரி நிறையப் புட்டிகளை வாங்கி அடுக்குகிறார்கள், அல்லது நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறார்கள்.

முடி ஏன் சுருள்கிறது என்பதிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இருக்கும் ஒரு நுண்பையில் உருவாகி வெளியே தள்ளப்படுகிறது. நேர்முடியின் நுண்பை நேராக இறங்கியிருக்கும். சுருட்டை முடியின் நுண்பையோ வளைந்திருக்கும்; அதன் அடிக்குமிழும் ஒருபுறம் சாய்ந்திருக்கும். முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் நேர்முடி, நீள்வட்டமாக இருந்தால் சுருட்டை என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நீள்வட்டம் சுருட்டையோடு சேர்ந்தே காணப்படுவது உண்மை. ஆனால் வளைவுக்கு அது காரணமல்ல. முடியின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நீளமாக வளர்ந்தால்தான் அது வளையும். இந்த நீள வேறுபாடு எப்படி வருகிறது என்பதற்கு ஆட்டு ரோமத்தில் ஒரு விடை கிடைத்தது. மிகவும் சுருண்ட மெரினோ ரோமத்தை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, வளைவின் வெளிப்பக்கத்தில் செல்கள் எண்ணிக்கையில் கூடுதலாக இல்லை, நீளத்தில்தான் கூடுதலாக இருக்கின்றன என்று காட்டியது. மனித முடியில் விவரங்கள் மாறலாம். ஆனால் சுருள் என்பது முடி பிறக்கும்போதே அதன் உடலுக்குள் எழுதப்பட்டுவிடுகிறது என்ற அடிப்படை மாறாது. எந்தக் கிரீமும் நேர்முடியைச் சுருட்டையாக்காது. ஏற்கெனவே இருக்கும் சுருளை வெளியே வரவிடுவதே அதன் வேலை.

சுருள் பரம்பரையாக வருவது. டிரைக்கோஹயலின் என்ற புரதத்துக்கான மரபணு ஐரோப்பியரிடம் முடி வடிவத்தோடு தொடர்புடையது. கிழக்காசியரின் தடித்த நேர்முடியோடு தொடர்புடையது வேறொரு மரபணு. பூப்புக் காலத்தில் நேர்முடி அலைமுடியாவதும், புற்றுநோய் மருந்து எடுத்துக்கொண்டபின் முளைக்கும் முடி சுருண்டு வருவதும் உண்டு. மனித இனத்துக்குச் சுருட்டை எதற்குப் பயன்பட்டது என்ற கேள்விக்கு 2023-இல் ஒரு சுவையான சோதனை நடந்தது. டீனா லாசிசி, நீனா யப்லொன்ஸ்கி ஆகியோரின் குழு, உடல் வெப்பத்தை அளக்கும் மனித உருவ பொம்மைக்கு நேர்முடி, அலைமுடி, இறுக்கமான சுருட்டை என மூன்று வகைப் பொய்முடிகளை அணிவித்து, விளக்கொளியால் வெயிலைப் போலச் சூடேற்றியது. எல்லா முடியும் தலைக்கு ஏறும் வெப்பத்தைக் குறைத்தது. இறுக்கமான சுருட்டை எல்லாவற்றையும்விட அதிகமாகக் குறைத்தது. வெயில் கொளுத்தும் ஆப்பிரிக்கச் சமவெளியில் பெரிய மூளையோடு நிமிர்ந்து நடந்த உயிருக்கு இது சிறிய உதவியல்ல.

இனி, அந்த வடிவம் கொண்டுவரும் சங்கடங்கள். தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் எளிதாக இறங்கி நுனிவரை போய்விடும். சுருளில் அது பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே வேரடியில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் சேர்ந்து காணப்படும். முடியின் மேற்புறத்தைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கில் மூடியிருக்கின்றன; ஒவ்வொரு செதிலும் அரை மைக்ரான் தடிமன்தான். முடி வளையும் இடங்களில் செதில் விளிம்புகள் எழும்புகின்றன; உராய்வில் முதலில் தேய்வதும் அங்கேதான். பக்கத்து முடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சிக்கு விழுகிறது. உலர்ந்த சிக்கில் சீப்பை இழுத்தால் வளைவுப் புள்ளியில் அறுந்து வரும். சுருட்டை முடி பளபளக்காமல் மங்கித் தெரிவதற்கும் காரணம் அழுக்கோ நோயோ அல்ல. இணையாகப் படிந்த நேர்முடிகள் ஒளியை ஒரே திசையில் திருப்பும், சுருள்கள் நாலாபுறமும் சிதறடிக்கும், அவ்வளவுதான்.

முடியை வடிவத்தில் நிறுத்துபவை கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் பிணைப்புகள். கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று சேரும் டைசல்ஃபைடு பிணைப்பு வலுவானது. நீரால் அதை அசைக்க முடியாது. ஹைட்ரஜன் பிணைப்பு வலுக்குறைந்தது. நீர் பட்டதும் விடுபட்டு, காய்ந்ததும் மீண்டும் பற்றிக்கொள்ளும். தலைக்குக் குளித்துவிட்டு இறுக்கிப் பின்னிய சடை காய்ந்தபின் அவிழ்த்தால் அலை அலையாக நிற்பது இதனால். காற்றின் ஈரமே இந்தப் பிணைப்புகளைக் கலைக்கப் போதும். ஈரம் ஏறினால் முடி சற்றே நீளும், வறண்டால் சுருங்கும். ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் 1783-இல் விவரித்த ஈரப்பதமானி மனிதத் தலைமுடியைக் கொண்டே இயங்கியது. அந்தக் கருவியை வானிலை நிலையங்கள் பிற்காலத்திலும் விடவில்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். காலையில் சீராக அமைந்த சுருள் மதியத்துக்குள் பரட்டையாகிப் போவதற்கு உரியவரின் சோம்பலைக் காரணம் சொல்லக்கூடாது.

இந்த முறையின் உண்மையான வலிமை எங்கே இருக்கிறது என்பதும் இங்கேதான் தெரிகிறது: சுருளின் வடிவம் முடிவாவது முடி காயும் நேரத்தில். தலைக்குக் குளிக்கும் நாளில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். தலைத்தோலை மட்டும் விரல்நுனியால் தேய்த்துக் கழுவியபின், கண்டிஷனரை நடுமுடியிலிருந்து நுனிவரை தாராளமாகத் தடவுகிறார்கள். அது வழுவழுப்பாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பாலோ விரலாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறார்கள். முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கையில் ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்து, முடியை நுனியிலிருந்து மேலே அள்ளிப் பிசைகிறார்கள்; சளக் சளக் என்று ஓசை வரும். தனித்தனி முடிகளாக இருந்தவை விரல்தடிமன் கற்றைகளாகச் சேர்ந்துகொள்கின்றன. இதைச் செய்வது ஜெல்லுக்கு முன் நீரே. நீரின் பரப்பு இழுவிசை பக்கத்து முடிகளை ஒன்றாக இழுத்து ஒட்டவைக்கிறது. பின்னர் பழைய பருத்திப் பனியனால் நீரை ஒற்றி எடுத்துவிட்டு, தொடாமல் காயவிடுகிறார்கள். ஜெல்லில் உள்ள பாலிமர் காய்ந்து மெல்லிய படலமாகக் கற்றைகளை மூடும்போது, தலை கஞ்சி போட்ட வேட்டிபோல் மொடமொடப்பாக நிற்கும். முதன்முறை செய்பவர்கள் இந்தக் கட்டத்தில் பயந்துபோய்த் திரும்பக் கழுவிவிடுவதுண்டு. முழுதும் காய்ந்தபின் கைகளால் மெல்லக் கசக்கினால் படலம் நொறுங்கி, சுருள் மென்மையாகிவிடும். காய்வதற்குள் தலையில் கை வைத்தால் கற்றை பிரியும், பிரிந்ததெல்லாம் பரட்டை.

இதில் மருந்தும் மாயமும் எதுவும் இல்லை. வழுக்கும்போது சிக்கெடுத்தல், கற்றை சேரவிடல், காயும்வரை தொடாதிருத்தல் ஆகிய மூன்றுமே உராய்வைக் குறைப்பவை. இவை மூன்றுக்கும் ஒரு கண்டிஷனர், ஒரு ஜெல், ஒரு சீப்பு போதும். அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் சங்கமும் நேர்முடிக்காரர்கள் முடி ஓரளவு காய்ந்தபின் சீவ வேண்டும், இறுக்கமான சுருட்டை உள்ளவர்கள் ஈரத்திலேயே சீவ வேண்டும் என்று பிரித்தே அறிவுரை தருகிறது. ஈர முடி எளிதில் இழுபட்டு அறுபடும் என்பதால் பொதுவாக ஈரத்தலையைச் சீவக்கூடாது என்பார்கள். ஆனால் சுருட்டை முடியில் உலர்ந்த சிக்கின் இழுப்பு அதைவிடக் கொடியது.

கண்டிஷனர் வேலை செய்வது மின்னேற்றத்தால். தேய்ந்த முடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, சீட்ரிமோனியம் குளோரைடு போன்ற பொருட்கள் நேர்மின் தன்மை கொண்டவை; தேய்ந்த இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே வரும் சீட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்து மிரளத் தேவையில்லை. அது சாராய வகையல்ல, மெழுகுத்தன்மை கொண்ட கொழுப்புப்பொருள்.

வறட்சி என்ற சொல்லைச் சுற்றி நிறையக் குழப்பம் உண்டு. சுருட்டை முடிக்கு நீர்ச்சத்து போதாது, அதை உள்ளே ஏற்ற வேண்டும் என்பது விற்பனையின் மையமான வாசகம். முடி உயிரற்ற இழை, தாகம் எடுக்காது. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்வரை நீரை உறிஞ்சும் திறன் எந்த முடிக்கும் உண்டு. ப்ளீச் செய்து கெட்டுப்போன முடி நல்ல முடியைவிட எளிதில் நீரை ஏற்று அதிகமாக உப்பும். கைக்கு 'காய்ந்துபோனது' என்று படுவது பெரும்பாலும் மேற்பரப்பின் சொரசொரப்பே தவிர உள்ளிருக்கும் நீரின் அளவல்ல. ஆகவே தேவைப்படுவது நீரல்ல, வழுவழுப்பு. முடியின் நீர் ஏற்புத்திறனை அறிய ஒற்றை முடியை டம்ளர் நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. முடி மிதப்பதும் மூழ்குவதும் அதில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் நீரின் பரப்பு இழுவிசையையும் பொறுத்தது. அந்த டம்ளரில் தெரியவருவது ஒன்றுமில்லை.

இந்த முறையின் பலவீனமான பகுதி அதன் தடைப்பட்டியல். சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட் இரண்டும் எண்ணெயைச் சூழ்ந்து நீரோடு கொண்டுபோகும் அழுக்கு நீக்கிகள். வலுவாகக் கழுவுவதால் அவை முடியை வெறுமையாக்கிவிடும் என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஷாம்பு எவ்வளவு கடுமையானது என்பதை ஒரே மூலப்பொருள் தீர்மானிப்பதில்லை. அதன் அளவு, கூடச் சேர்க்கப்பட்ட மென்மையாக்கிகள், அமிலத்தன்மை எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. முடியின் செதில்மேல் இயற்கையாக ஒட்டியிருக்கும் ஒரு கொழுப்புப் படலம் நீரை விலக்கி வழுவழுப்பைத் தருகிறது. அது செதிலோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டது. சாதாரண ஷாம்பு அதை எளிதில் பெயர்க்காது. ப்ளீச்சும் நிரந்தரச் சாயமும் காரம் மிகுந்த நேராக்கும் மருந்துகளும்தான் பெயர்க்கும். முடிக்கு மாதாமாதம் சாயம் ஏற்றிக்கொண்டு, ஷாம்புவில் சல்ஃபேட் இருக்கிறதா என்று லேபிளைத் துருவுவதில் பொருளில்லை.

சிலிக்கோன் மீதான தடையும் இப்படித்தான். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் போன்றவை முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைப்பவை. சுருட்டை முடிக்கு வேண்டியதும் அதுவே. பிறகு ஏன் தடை? அவை நீரில் கரையாமல் அடுக்கடுக்காகப் படியும், அவற்றை நீக்கச் சல்ஃபேட் வேண்டும், சல்ஃபேட்தான் கூடாதே என்பது வாதம். ஒரு தடை மற்றொரு தடையின்மேல் நிற்கிறது. வாரம் ஒருமுறை சாதாரண ஷாம்புவால் கழுவுபவருக்கு இரண்டாவது தடைக்கு அடிப்படையே இல்லை. மென்மையான ஷாம்புகளில் இருக்கும் கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன்கூடச் சிலிக்கோனைக் கணிசமாகக் கழுவிவிடும். மெல்லிய அலைமுடி உள்ளவர்களுக்குச் சிலிக்கோன் கனத்து, அலையைத் தட்டையாக்குவது உண்டு. அவர்கள் அதை விட்டுப் பார்க்கலாம். அது அந்த முடிக்கான தீர்ப்பு, எல்லாத் தலைக்குமான சட்டமல்ல. ஆவியாகும் சில சிலிக்கோன்களை, குறிப்பாக டி4, டி5 ஆகியவற்றை, கழுவிவிடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. காரணம் அவை நீர்நிலைகளில் சிதையாமல் தங்குவது. முடிக்குக் கெடுதல் என்பதற்காக அல்ல.

ஷாம்புவே இல்லாமல் கண்டிஷனரால் மட்டும் தலை கழுவும் வழக்கத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. முடி உயிரற்றது, தலைத்தோல் உயிருள்ளது. பொடுகுக்குப் பின்னணியில் இருக்கும் மலசேசியா என்ற பூஞ்சை தலைத்தோலின் கொழுப்பைத் தின்றே வாழ்கிறது. தலையில் பிசுக்கு தங்கத் தங்க அதற்குக் கொண்டாட்டம். அரிப்பும் செதிலும் உள்ளவர்கள் கழுவுவதைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். அவர்களுக்கு எழுதித்தரப்படும் கெட்டோகொனசோல் ஷாம்புவில் சல்ஃபேட் இருந்தாலும் தலைத்தோலில் தேய்த்து, சொன்ன நிமிடங்கள் ஊறவைத்துக் கழுவிவிட்டு, நீளவாட்டில் கண்டிஷனர் போட்டுக்கொண்டால் சுருளுக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை நாளுக்கொருமுறை கழுவலாம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுக்கமான சுருட்டைக்கு வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஆசிய மக்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வோ வாரத்துக்கு ஐந்தாறு முறை கழுவியவர்களே அதிக நிறைவோடு இருந்ததாகச் சொன்னது. அதில் ஷாம்பு தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வியர்வை கொட்டும் ஊரில் வாரம் இரண்டு மூன்று முறை என்பது பெரும்பாலான அலைமுடிக்கும் சுருட்டை முடிக்கும் ஒத்துவரும் தொடக்கம். அரிப்பு வந்தால் கூட்டலாம், நுனி சொரசொரத்தால் குறைக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் தமிழ் வீடுகளின் பழக்கத்துக்கு ஆய்வின் ஆதரவு ஓரளவு உண்டு. ரேலே, மொஹிலே ஆகிய இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தலை கழுவுமுன் தடவினாலும் பின் தடவினாலும் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. ஆகவே முடிக்குள் ஊடுருவ முடிகிறது என்பது விளக்கம். ஆய்வாளர்கள் இருவரும் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். ஆனால் இந்த எண்ணெய் முடிக்குள் நுழைவதை வேறு ஆய்வுகளும் கண்டிருப்பதால் முடிவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. குளிப்பதற்குச் சில மணி நேரம் முன் முடியின் நீளத்தில் தடவிக் கழுவிவிடுவது இந்த ஆதாரத்தோடு பொருந்தும். நாள் முழுக்கத் தலைத்தோலில் எண்ணெய் வழிய விட்டுவைப்பது பொருந்தாது. பொடுகு உள்ளவர்களுக்குக் கெடுதலும்கூட.

சல்ஃபேட் இல்லாத கழுவுபொருள் என்று இன்று தனி விலை வைத்து விற்கப்படுவதைச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அரப்பும் காலங்காலமாகச் செய்துவந்தன. அவற்றில் நுரைப்பது சபோனின். சுருட்டை முடிக்கு அவற்றில் ஒரே தொல்லை, பொடியின் துகள்கள் சுருளுக்குள் சிக்கிக்கொண்டு எளிதில் அலசப்படாமல் உராய்வதே. சீயக்காயைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீராகப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. செம்பருத்தி இலையைக் கசக்கிய கொழகொழப்பும் வெந்தயம் ஊறவைத்து அரைத்த விழுதும் சிக்கெடுக்க உதவும் வழுவழுப்பைத் தருபவை. வடிகட்டாத வெந்தய விழுது சுருளுக்குள் போனால் மறுநாள்வரை உதிர்ந்துகொண்டிருக்கும்.

எந்தப் பொருளை மாற்றியும் பலனில்லை என்று புலம்புபவர்கள் வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருப்பது தமிழகத்தில் பல ஊர்களின் நிலை. இந்தியத் தரநிலை குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை என்றும் வரம்பு வைத்திருக்கிறது. குளியலறைக்கு வரும் நீரை யாரும் அளப்பதில்லை. உப்புநீரில் குளியல் சோப்பால் தலை தேய்த்தால் கரையாத படிவு முடியில் ஒட்டும். ஷாம்பு அப்படித் திரிவதில்லை. ஆனால் கால்சியம் நேரடியாகவே முடியில், அதுவும் தேய்ந்த முடியில், ஏறிக்கொள்ளும். அவ்வப்போது கால்சியத்தைப் பற்றி நீக்கும் இடிடிஏ கலந்த ஷாம்புவைப் பயன்படுத்துவதும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல நீரோ மழைநீரோ எடுத்துவைப்பதும் விலையுயர்ந்த கிரீமைவிட அதிகம் செய்யக்கூடும்.

சூடு பற்றிய விதி பாதி சரி. 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறும் நேராக்கும் இடுக்கி கெரட்டினையே சிதைக்கும். ஈரமுடியில் அதை வைத்தால் உள்ளிருக்கும் நீர் கொதித்து முடிக்குள் குமிழிகள் உண்டாகும். ஹேர் டிரையர் அந்த வகையல்ல. கொரியாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து இடைவிடாமல் அசைத்துக்கொண்டே உலர்த்திய முடிக்கு மேற்புறச் சேதம் இருந்தது. ஆனால் தானாகக் காயவிட்ட முடியில்தான் செல்களை ஒட்டவைக்கும் உட்படலம் கெட்டிருந்தது. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிக்கிடப்பதும் முடிக்கு இலவசமல்ல. ஆகவே மழைக்காலத்தில் நாலு மணி நேரமாகியும் காயாத அடர்ந்த சுருட்டைக்கு, காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் மாட்டிய டிரையரை மிதமான சூட்டில் பயன்படுத்துவதே நல்லது.

ஜெல்லில் வீட்டு வழியும் உண்டு. ஆளிவிதையை ஆறேழு மடங்கு நீரில் கொதிக்கவைத்து, முட்டை வெண்கருப் பதம் வந்ததும் சூடாறுமுன் மெல்லிய துணியில் வடித்தால் நல்ல ஜெல் கிடைக்கும். ஆறவிட்டால் துணியில் இறங்காது. பதப்படுத்தி எதுவும் இல்லாததால் குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்குமேல் வைக்கக்கூடாது. கடை ஜெல்லில் கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் கடலோர ஊர்களில் கவனம் வேண்டும். அது காற்றிலிருந்து நீரை ஈர்ப்பது.

இயல்பு முறையை ஏற்பதா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவது நேராக்கும் சிகிச்சைக்குப் பதிலாகத்தான். அந்த மாற்று என்னவென்றும் பார்க்க வேண்டும். ரீபாண்டிங்கில் தயோகிளைகோலேட் டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கிறது. முடியை இழுத்து நேராக்கியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு அதை மீண்டும் பூட்டுகிறது. உடைந்த பிணைப்புகள் எல்லாம் திரும்பச் சேர்வதில்லை. கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று அழைக்கப்படுபவற்றில் பல ஃபார்மால்டிஹைடை வெளியிடுபவை. அது மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் நிம்மதி தரவில்லை. நேராக்கும் பொருட்களுக்குப்பின் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட 26 பேரை இஸ்ரேல் மருத்துவர்கள் 2023-இல் பதிவுசெய்தார்கள். அந்த அமிலம் எலிகளின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்களை உண்டாக்குவதை 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் கணக்கிடப்பட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, காரணத்தை நிறுவும் சோதனையல்ல. எனினும் முடியின் தோற்றத்துக்காக ஏற்க வேண்டிய ஆபத்தா இது என்று யோசிக்க அது போதும்.

முடிவெடுப்பதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. தலையை நன்றாக ஷாம்புவால் கழுவி, கண்டிஷனர் போட்டுச் சிக்கெடுத்து அலசி, வேறு எதையும் தடவாமல், சீவாமல், தொடாமல் காயவிட வேண்டும். அதில் விழும் வடிவம்தான் அந்தத் தலையின் இயல்பு. ஓப்ரா வின்ஃப்ரியின் சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் பிரபலமாக்கிய ஒன்று முதல் நான்கு வரையிலான வகைப்பாட்டில் தன் முடிக்கு எண் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே தலையில் பிடரியில் ஒன்றும் முன்நெற்றியில் வேறொன்றும் இருப்பது வழக்கம். அலையோ சுருளோ தெளிவாக விழுந்தால் அடுத்த நான்கைந்து குளியலுக்கு ஜெல்லையும் சேர்த்துப் பார்க்கலாம். முடி நேராகவே விழுந்து, பரட்டையாக மட்டும் நின்றால், அது சுருட்டையல்ல, தேய்ந்த நேர்முடி. அதற்குச் சுருள் முறை தேவைப்படாது. கண்டிஷனரும் நுனி வெட்டுமே போதும்.

இதற்கு ஆகும் நேரத்தையும் மறைக்கக்கூடாது. நீண்ட அடர்ந்த சுருட்டைக்குக் கழுவிச் சிக்கெடுத்து ஜெல் போட ஒரு மணி நேரமாவது ஆகும், காய்வது தனி. காலை ஆறு மணிக்குப் பேருந்து பிடிப்பவரால் இதைச் செய்ய முடியாது. முந்தின மாலை கழுவி, இரவு தளர்வாக உச்சியில் முடிந்துகொண்டு படுத்தால் பாதி காக்கும். இருசக்கர வண்டியில் போகிறவருக்குத் தலைக்கவசம் கட்டாயம், அது சுருளை அமுக்கும் என்பதும் கட்டாயம். உள்ளே வழுக்கும் துணி ஒன்றைக் கட்டிக்கொள்வதும் இறங்கியபின் ஈரக்கையால் பிசைந்துவிடுவதும் ஓரளவு சரிசெய்யும். பள்ளிக்குப் போகும் சுருட்டை முடிச் சிறுமிக்கு இந்த முறையில் பயன்படுவது ஈரத்தில் சிக்கெடுப்பது மட்டுமே. காலையில் உலர்ந்த தலையை வாரி அழவைப்பது அதோடு நிற்கும். பின்னல் சுருட்டைக்கு எதிரியல்ல, அது சிக்கைத் தடுக்கிறது. நெற்றியோரம் இழுபடும்படி இறுக்கிப் போட்ட ரெட்டைச்சடைதான் எதிரி; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அந்த ஓரத்தில் முடி உதிர்ந்து மீளாமலே போகலாம்.

ஏற்கெனவே ரீபாண்டிங் செய்தவர்களுக்குக் கணக்கு வேறு. நேராக்கப்பட்ட நீளம் எந்தப் பராமரிப்பாலும் சுருளாகத் திரும்பாது; புதிதாக முளைப்பது மட்டுமே சுருளாக வரும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தோளைத் தொடும் 30 சென்டிமீட்டர் முடி முழுதும் இயல்பாக மாற இரண்டரை ஆண்டு ஆகும். அதுவரை சுருண்ட புது முடியும் நேரான பழைய முடியும் ஒரே இழையில் சந்திக்கும் இடம்தான் மிகவும் வலுவற்ற இடம். சீப்பு மாட்டினால் அறுவது அங்கேதான். காத்திருக்க முடிந்தவர்கள் மாதம் ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வரலாம்; முடியாதவர்கள் புது முடி ஏழெட்டுச் சென்டிமீட்டர் ஆனதும் பழையதை மொத்தமாக வெட்டிவிடுகிறார்கள். சுருண்டு நிற்கும் ஏழெட்டுச் சென்டிமீட்டர் பார்வைக்கு நாலு சென்டிமீட்டராகவே தெரியும் என்பதை நாற்காலியில் உட்காரும் முன்பே அறிந்திருப்பது நல்லது.